மூணாற்று மலைக் கோயிலும் அதன் ஏடுகளும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அரசாங்கத் தஸ்தாவேஜுகளையே முதலில் நாடுவர். நிலம் யாருக்குச் சொந்தம், வரி எவ்வளவு, வழக்கு எவ்வாறு முடிந்தது என்பனவற்றை அவை தெளிவாகக் கூறும். ஆனால் அந்த நிலத்தில் உழைத்த மக்கள் எப்பொழுது பிறந்தனர், யாரை மணந்தனர், எந்த ஊரிலிருந்து வந்தனர், எங்கே மண்ணில் மறைந்தனர் என்ற செய்திகளை அவற்றில் காண்பது அரிது. அச்செய்திகளை ஒழுங்காக எழுதி வைத்த இடங்களுள் ஒன்று சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் கோயில். ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்னும் மூன்று புத்தகங்கள் ஏறக்குறைய ஒவ்வொரு சபையிலும் உண்டு. தமிழ்நாட்டின் மேற்கு எல்லையைக் கடந்து வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முதல் எழுத்துச் சான்று இத்தகைய புத்தகம் ஒன்றின் ஒரு வரியாக இருக்கக்கூடும். ஆகவே, இடுக்கி மலையிலுள்ள மூணாறு நகரின் பழைய கோயிலை முதன்மையாகவும், பாலக்காட்டுச் சபையை ஒப்புமைக்காகவும் எடுத்துக்கொண்டு, இவ்வேடுகள் எதைக் கூறுகின்றன, எதைக் கூறாது விடுகின்றன என்பதை இங்கு ஆராய்வோம்.

கோயிலில் பதிவேடு வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டு அரசாங்க ஆணையால் ஏற்பட்டது. ஒவ்வொரு குருவானவரும் தம் சேகரத்தில் நிகழும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் புத்தகத்தில் எழுதவேண்டும் என்று அவ்வாணை விதித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் கரையில் கோட்டை கட்டியபொழுது இவ்வழக்கமும் உடன் வந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4-ஆம் நாள், பின்னர் சென்னைக் கவர்னரான எலிஹு யேல் என்பவரின் விவாகம் அங்கு நடைபெற்றுப் புத்தகத்தில் ஏறியது. தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், அடுத்த ஆண்டே முதல் ஞானஸ்நானங்களைக் கொடுத்தார். அதுமுதல் தமிழ்ப் பெயர்களும் இத்தகைய ஏடுகளில் இடம்பெறலாயின. ஆகவே, மூணாற்றில் ஒரு பதிவேடு திறக்கப்பட்டபொழுது அது புதுமையன்று. நெடுநாள் வழக்கம் ஒன்று மலையேறி வந்தது என்பதே பொருந்தும்.

மூணாறு என்னும் பெயர் முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலால் வந்தது. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வடகிழக்கு மூலையிலிருந்த இம்மலைப்பகுதி பூஞ்ஞாறு அரசரின் உடைமையாய் இருந்தது. 1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்பவர் அதனைக் குத்தகையாகப் பெற்றார். 1879-இல் தோட்டமிடுவதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. 1880-இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்னும் தோட்டத்தில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியபின் காடு வேகமாகத் தோட்டமாயிற்று.

இம்மலைக்கு அக்காலத்தில் இயல்பான வாசல் கிழக்கே போடிநாயக்கனூர்ப் பக்கம் இருந்தது. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று இடப்பட்டது. 1908-இல் அது சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கி, கீழே கொட்டக்குடிக்கு இறங்கி, போடி வழியாகச் சமவெளியை அடைந்தன. 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. தேயிலை இறங்கிய அதே மலைச்சரிவின் வழியாகத்தான் தமிழ்த் தொழிலாளர் கால்நடையாய் ஏறினர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்து அவர்களை அழைத்து வந்தனர்.

இனிக் கோயிலின் வரலாற்றைப் பார்ப்போம். உலகில் பெரும்பாலும் கோயில் முதலில் எழும். கல்லறைத் தோட்டம் அதன் பக்கத்தில் பின்னர் அமையும். மூணாற்றிலோ இம்முறை தலைகீழாயிற்று. தோட்டங்களின் முதல் பொது மானேஜராயிருந்த ஹென்றி மான்ஸ்பீல்டு நைட் என்பவரின் இளம் மனைவி எலினார் இசபெல், 1894-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வாந்திபேதி நோயால் இறந்தார். ஊரின் மேலிருந்த ஒரு குன்றின் சரிவில் அவரை அடக்கம் செய்தனர். அக்குன்றே கல்லறைத் தோட்டமாயிற்று. அதன் அடிவாரத்தில் 1910-ஆம் ஆண்டு கோயிலுக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1911 ஏப்ரல் மாதம் கோயில் திறக்கப்பட்டது. கிறிஸ்து ஆலயம் என வழங்கும் அக்கோயிலின் அடக்கப் பதிவேட்டில் முதல் பெயராக நிற்பது எலினாரின் பெயரே. அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்தே கோயிற் கட்டடம் எழுந்தது என்பதைக் கருதினால், மூணாற்றில் கல்லறை முதலிலும் கோயில் பின்னரும் வந்தமை விளங்கும்.

கருங்கல்லாற் கட்டப்பெற்ற சிறிய கோயில் அது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும், மர ஆசனங்களும், சுவரில் பதித்த பித்தளைத் தகடுகளும் இன்றும் அங்கே உள்ளன. அத்தகடுகள் தோட்டத் துரைமார்களின் நினைவைக் கூறுகின்றன. வருகின்ற பயணிகள் குன்றின்மேலுள்ள கல்லறையையும் இத்தகடுகளையும் பார்த்து, கோயிலின் சரித்திரம் முழுவதையும் அறிந்துவிட்டதாக எண்ணித் திரும்புவதுண்டு. ஆனால் ஒரு கோயிலின் வரலாறு மூன்று பொருள்களில் எழுதப்படுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது. அவை கல், உலோகம், காகிதம் என்பன.

கல்லில் எழுதப் பணம் வேண்டும். பித்தளையில் எழுதுவதற்குப் பணத்தோடு பதவியும் வேண்டும். ஆகையால் கல்லும் பித்தளையும் ஒரு சிலரையே நினைவில் வைக்கின்றன. காகிதம் அவ்வாறன்று. ஞானஸ்நானத் தொட்டியருகே கொண்டுவரப்பட்ட குழந்தை துரையின் குழந்தையாயினும், கொழுந்து பறிப்பவளின் குழந்தையாயினும், புத்தகத்தில் ஒரு வரியே பெறும். அந்த வரியின் நீளமும் கட்டங்களின் எண்ணிக்கையும் இருவருக்கும் ஒன்றே. இச்சமத்துவம் யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. பதிவேட்டின் அமைப்பிலேயே அது அடங்கியிருக்கின்றது. தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றைத் தேடுவோருக்குக் கல்லையும் பித்தளையையும்விடக் காகிதமே பெருந்துணை என்று நாம் கூறுவதற்கு இதுவே காரணம்.

மலையேறிய தொழிலாளருள் ஒரு பகுதியினர் முன்னரே கிறிஸ்தவர்களாய் இருந்தனர். திருநெல்வேலிச் சீமையில் 19-ஆம் நூற்றாண்டில் மெஞ்ஞானபுரம், சாயர்புரம், நாசரேத், இடையன்குடி, சுவிசேஷபுரம் முதலிய கிறிஸ்தவ ஊர்கள் பெருகியிருந்தன. பஞ்சம் வந்த காலங்களிலும், கூலி குறைந்த காலங்களிலும் இத்தகைய ஊர்களின் மக்களும் ஏனையோரைப் போலவே கடல் கடந்து இலங்கைக்கும், மலை கடந்து திருவிதாங்கூர்த் தோட்டங்களுக்கும் சென்றனர். இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இவர்களுக்கெனவே 1854-ஆம் ஆண்டு தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஓர் ஊழியம் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் அங்கு அனுப்பப்பட்டனர். மலைநாட்டுத் தோட்டங்களிலும் தமிழ்ச் சபைகள் பையப்பைய உருவாயின. மூணாற்றுக் கிறிஸ்து ஆலயத்தில் இன்று ஆங்கிலத்துடன் தமிழிலும் மலையாளத்திலும் ஆராதனை நடைபெறுகின்றது. துரைமார் கட்டிய கோயிலில் தொழிலாளரின் மொழி ஒலிப்பது அந்நகரின் வரலாறு அடைந்த மாறுதலுக்குத் தக்க சான்றாகும்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு வரியை நாம் எவ்வாறு படிப்பது? வழக்கமான பதிவேட்டில் முதலில் வரிசை எண்ணும், ஞானஸ்நானம் கொடுத்த நாளும் இருக்கும். அடுத்துக் குழந்தையின் பெயரும், பிறந்த நாளும், ஆணா பெண்ணா என்பதும் வரும். பின்னர்த் தாய் தந்தையரின் பெயர், அவர்கள் குடியிருக்கும் இடம், தந்தையின் தொழில், ஞானத்தகப்பன் ஞானத்தாய் ஆகியோரின் பெயர்கள், இறுதியில் குருவானவரின் கையொப்பம். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு செய்தியை மட்டுமன்றி, வேறு செய்திகளுக்கு வழியையும் காட்டுகின்றது.

குடியிருக்கும் இடம் என்ற கட்டத்தில் நகரின் பெயருக்குப் பதில் தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருப்பின், அது மிக்க பயன் தரும். நயமக்காடு, கன்னிமலை, பெரியவாரை, செண்டுவாரை, எல்லப்பட்டி, குண்டுமலை எனத் தோட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால், அடுத்துத் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தையும் அங்குள்ள பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவையும் தேடலாம். தொழில் என்ற கட்டத்தில் கூலி என்றோ, கங்காணி என்றோ, கணக்கப்பிள்ளை என்றோ எழுதியிருக்கும். பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்து, முதலாவதில் தந்தை கூலி எனவும் இரண்டாவதில் கங்காணி எனவும் எழுதப்பட்டிருந்தால், ஒரு குடும்பத்தின் ஏற்றம் இரு வரிகளுக்கிடையே புலப்படுகின்றது. ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பலர் கவனியாது விடுவர். அது தவறு. குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்பவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ, ஒரே ஊரிலிருந்து உடன் மலையேறியவராகவோ இருப்பார். எந்தக் குடும்பங்கள் ஒன்றாக வந்தன என்பதை அறிய இக்கட்டம் பெரிதும் உதவும்.

விவாகப் பதிவேடு இதனினும் விரிவானது. மணமக்கள் இருவரின் வயது, தொழில், வாசஸ்தலம், இருவர்தம் தந்தையரின் பெயர், சாட்சிகளின் கையொப்பம் ஆகியன அதில் உண்டு. கையெழுத்திடத் தெரியாதவர் இட்ட கைந்நாட்டோ குறியோ அப்படியே நிற்கும். ஒரு சபையின் விவாகப் பதிவேட்டை ஐம்பது ஆண்டுகளுக்குத் தொடர்ந்து புரட்டினால், குறிகள் குறைந்து கையெழுத்துகள் பெருகும் வரலாற்றை அதில் காணலாம். முதலில் ஆண்களின் கையெழுத்தும், பல ஆண்டுகளுக்குப்பின் பெண்களின் கையெழுத்தும் தோன்றும். எழுத்தறிவின் வளர்ச்சியைக் காட்டும் இத்தகைய சான்றை வேறெங்கும் எளிதில் பெற இயலாது.

இவ்வளவு பயனுடைய ஏடுகளுக்கும் குறைகள் உண்டு. சபைக்கு வந்தவர்களை மட்டுமே அவை அறியும். தோட்டத் தொழிலாளருள் பெரும்பான்மையோர் கிறிஸ்தவரல்லர். அவர்கள் இப்புத்தகங்களில் இல்லை. நோயினால் லயத்திலேயே இறந்து, தோட்டத்து மண்ணில் அவசரமாகப் புதைக்கப்பட்டோர் அடக்கப் பதிவேட்டில் ஏறாமற்போக இடமுண்டு. 1894-ஆம் ஆண்டின் வாந்திபேதி ஒரு துரைசானியை மட்டும் தேடி மலையேறியிருக்க முடியாது. அவர் பெயர் கல்லிலும் காகிதத்திலும் நிலைத்தது. அந்நாளில் அதே நோய்க்கு இரையான ஏழைகள் இருந்திருப்பின், அவர்களுக்குக் கல்லும் இல்லை, காகிதமும் இல்லை. ஒரு பதிவேட்டைப் படிக்கும்பொழுது எழுதியிருப்பதைப் படிப்பதோடு, எழுதாது விட்டதையும் உய்த்துணர்வது ஆராய்வோர் கடமையாகும்.

ஏடுகளைப் படிப்பதில் இரண்டு இடர்ப்பாடுகள் நேரும். ஒன்று, பெயர்களின் எழுத்து வேறுபாடு. தமிழறியாத குருவானவர் தம் செவியில் விழுந்தபடி ஞானமுத்து என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதக்கூடும். மலையாள எழுத்தில் எழுதியவர் அதனை வேறொரு விதமாக எழுதுவார். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு இல்லையென்று முடிவு செய்தல் கூடாது. மற்றொன்று, ஆண்டுக் கணக்கு. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு வழக்கிலிருந்தது. தென்பாண்டி நாட்டிலும் அது பயின்றது. கொல்லம் ஆண்டு நம் ஆவணி மாதத்தையொட்டி, அதாவது ஆகஸ்டு நடுவில், பிறக்கின்றது. ஆகஸ்டு நடு முதல் டிசம்பர் முடிய நிகழ்ந்தவற்றிற்குக் கொல்லம் ஆண்டுடன் 824-உம், ஜனவரி முதல் அவ்வாண்டின் முடிவு வரை நிகழ்ந்தவற்றிற்கு 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். மேற்கூறிய பெருவெள்ளத்தைக் கேரள மக்கள் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பர். கொல்லம் 1099-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், 1924 ஜூலையில், அது நிகழ்ந்தமையே அப்பெயருக்குக் காரணம்.

இனி வடக்கே பாலக்காட்டிற்குச் செல்வோம். மூணாற்றிற்குப் போடி மலைப்பாதை எவ்வாறோ, அவ்வாறே பாலக்காட்டிற்கு வாளையாற்றுக் கணவாய். இரண்டு வாசல்களும் தமிழரை மேற்கே அனுப்பின. ஆனால் இரண்டிடங்களிலும் கோயில் வந்த வழி வேறு. பாலக்காடு திருவிதாங்கூரைச் சேர்ந்ததன்று. சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் அடங்கியது. அங்கு 1858-ஆம் ஆண்டு ஊழியத்தைத் தொடங்கியவர்கள் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரை நடுவிடமாகக் கொண்ட பாசல் மிஷனார். 1834-இல் மங்களூரில் வந்திறங்கிய இவர்கள், தலைச்சேரி, கோழிக்கோடு முதலிய ஊர்களில் சபைகளோடு பள்ளிக்கூடங்களையும், நெசவுச் சாலைகளையும், ஓட்டுத் தொழிற்சாலைகளையும் நிறுவினர். பாலக்காட்டிலும் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று நடந்தது.

பாசல் மிஷனாரிடம் ஓர் அரிய ஒழுங்கு இருந்தது. ஒவ்வோர் ஊரிலுமுள்ள மிஷனரி தம் பணியைப்பற்றிப் பாசல் நகருக்கு முறையாக அறிக்கை எழுதியனுப்பவேண்டும். அவ்வறிக்கைகளும், கடிதங்களும், ஆயிரக்கணக்கான நிழற்படங்களும் இன்றும் அந்நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. முதல் உலகப்போர் மூண்டபொழுது ஜெர்மானிய மிஷனரிகளை ஆங்கில அரசாங்கம் காவலில் வைத்தது. பின்னர் நாட்டைவிட்டு அனுப்பியது. அவர்களுடைய தொழிற்சாலைகள் 1919-இல் வேறு கையில் ஒப்படைக்கப்பட்டன. மலபார்ச் சபைகள் அதே ஆண்டில் தென்னிந்திய ஐக்கிய சபையுடன் இணைந்தன. ஆகவே பாலக்காட்டு வரலாற்றைத் தேடுவோர், உள்ளூர்ச் சபையின் பதிவேட்டையும், ஐரோப்பாவிலுள்ள பழைய ஜெர்மன் கையெழுத்து அறிக்கைகளையும் சேர்த்துப் படிக்கவேண்டியவராகின்றனர்.

சட்டத்திலும் இவ்விரண்டு ஊர்களுக்கும் வேற்றுமை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவர் விவாகச் சட்டம் ஆங்கிலேயரின் நேர் ஆட்சியிலிருந்த பாலக்காட்டிற்குப் பொருந்தியது. இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகப் புத்தகத்தை ஆங்கிலத்திலோ, அந்த ஜில்லாவில் சாதாரணமாக வழங்கும் மொழியிலோ எழுதலாம் என்று அச்சட்டம் இடங்கொடுத்தது. பதிவின் நகல் அரசாங்கத்திற்கும் செல்லவேண்டும் என்பது அதன் பொது ஏற்பாடு. சமஸ்தானப் பகுதியாகிய மூணாறு அச்சட்டத்தின் எல்லைக்குள் இல்லை. பழைய திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த நிலப்பகுதி இன்றும் அச்சட்டத்திற்குப் புறம்பானதே. பாலக்காட்டிற்கு அருகிலுள்ள சித்தூரோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. கொச்சியில் 1920-இல் தனிச் சட்டம் ஒன்று பிறந்தது. ஒரு குடும்பம் பாலக்காட்டிலிருந்து சில கல் தொலைவு நடந்து சித்தூருக்குப் போனால், அதன் விவாகப் பதிவு வேறொரு சட்டத்தின்கீழ் வந்துவிடும்.

இதனால் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுண்டு. பாலக்காட்டில் நடந்த விவாகத்தின் நகல் கோயிலில் கெட்டுப்போயிருப்பினும் அரசாங்கத்தாரிடம் கிடைக்கக்கூடும். மூணாற்றில் நடந்த விவாகத்திற்குக் கோயில் புத்தகமே பெரும்பாலும் ஒரே ஆதாரம். அப்புத்தகம் போனால் செய்தியும் போயிற்று. 2008-ஆம் ஆண்டின் விதிகள் மூலம் கேரள அரசாங்கம் எல்லா மதத்தாரின் விவாகங்களையும் உள்ளாட்சி மன்றங்களில் பதிவு செய்யும் கட்டாயத்தை ஏற்படுத்திவிட்டது. ஆனால் அதற்கு முற்பட்ட நூறாண்டுச் செய்திகளுக்குப் பழைய புத்தகமே கதி.

1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. பல்வேறு மரபுகளைச் சேர்ந்த சபைகள் அதில் ஒன்றுபட்டன. பாசல் மிஷன் வழிவந்த பாலக்காட்டுச் சபையும், துரைமார் கட்டிய மூணாற்றுக் கோயிலும் இன்று அத்திருச்சபையின் குடைக்கீழ் நிற்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற கிளர்ச்சிக்குப் பின்னரும் கேரளத்திலேயே நின்றன. இடுக்கி தனி மாவட்டமாக 1972 ஜனவரி 26-ஆம் நாள் அமைந்தது. மலையில் அதே லயத்தில் குடியிருந்த குடும்பம் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி, கேரளம் என மூன்று ஆட்சிகளின் பெயரைக் கண்டது. கோயில் புத்தகத்தில் மட்டும் வரிசை எண் இடையறாது தொடர்ந்தது.

பழம்பெருமை பேசுவதற்காக நாம் இவற்றை எடுத்துரைக்கவில்லை. இன்றைய வாழ்விலும் இவ்வேடுகளுக்குப் பயன் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதற்கு முன்னர் மலைத்தோட்டங்களில் பிறந்த முதியோர் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஓய்வூதியத்திற்கும் கடவுச்சீட்டிற்கும் வயதுக்குச் சான்று கேட்கப்படும்பொழுது ஞானஸ்நானச் சான்றிதழ் துணை ஆதாரமாகின்றது. மேலும், கேரளத் தோட்டங்களிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் சாதிச் சான்றிதழ் கோரும்போது, தம் முன்னோர் 1950-ஆம் ஆண்டுக்கு முன்னரே அங்குக் குடியிருந்தமைக்கு ஆதாரம் காட்டும்படி கேட்கப்படுகின்றனர். மூன்று தலைமுறை கொழுந்து பறித்தும், வீடும் நிலமும் தோட்டத்தாருடையவையாதலால், பட்டாவோ வரி ரசீதோ காட்ட அவர்களால் இயலாது. 1950-க்கு முற்பட்ட தேதியும், தோட்டத்தின் பெயரும், தந்தையின் பெயரும் உள்ள ஒரே காகிதம் சிலருக்குக் கோயில் பதிவாக இருக்கலாம்.

ஆனால் இங்கு ஒரு முரண்பாட்டையும் மறைக்காமற் கூறவேண்டும். 1950-ஆம் ஆண்டின் தாழ்த்தப்பட்டோர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை, பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின்படி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கே அப்பட்டியலில் இடமளிக்கின்றது, கிறிஸ்தவருக்கு இடமில்லை. ஆகவே, ஒரு குடும்பம் அம்மலையில் பழங்குடி என்பதை மெய்ப்பிக்கும் அதே வரி, அக்குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்பதையும் மெய்ப்பித்துவிடுகின்றது. குடியிருப்பை நிலைநாட்டும் கையே உரிமையை நீக்கும் கையாகவும் ஆகின்றது. இது பதிவேட்டின் குற்றமன்று. உள்ளதை உள்ளபடி கூறுவது அதன் இயல்பு. அதை எடுத்துச் செல்வோர் இரு பயனையும் அறிந்து செல்லுதல் நன்று.

இத்தகைய ஏடுகள் இன்று எந்நிலையில் உள்ளன? மலைநாட்டின் ஈரமும், பனியும், தென்மேற்குப் பருவமழையும் காகிதத்திற்குப் பகை. பூஞ்சையும் இராமபாணமும் கரையானும் துணைப் பகைவர். இவற்றோடு உட்பகையும் ஒன்றுண்டு. பழைய குருமார் எழுதிய கறுப்பு மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்யப்பட்டது. எழுதும்பொழுது அது காகிதத்தில் உறுதியாகப் பற்றும். ஆனால் அதிலுள்ள இரும்பும் புளிப்பும் காலப்போக்கில் காகிதத்தையே அரித்துவிடும். எழுத்துகள் இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்தில் துளைகள் விழுந்த ஏடுகளும் உண்டு.

நல்லெண்ணத்தால் செய்யும் சில செயல்களும் கேடு விளைக்கின்றன. கிழிந்த ஏட்டில் பசை நாடா ஒட்டுவதும், ஏட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் சூடேற்றி ஒட்டிவிடுவதும் நாளடைவில் காகிதத்தை மீட்க முடியாதபடி செய்யும். செய்யத்தக்கவை எளியவை. புத்தகத்தைச் சுவரோடு ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து உயரமாக வைத்தல். மழை நின்ற நாட்களில் வெயில் நேரே படாத நிழலில் காற்றாட வைத்தல். புளிப்பற்ற காகிதத்தில் பொதிந்து வைத்தல். ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து, அப்படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் காத்தல். இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சபையாருள் பொறுப்புள்ள இருவர் சில வாரங்கள் உழைத்தாற் போதும்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். தம் முன்னோரின் பதிவைத் தேட விரும்புவோர் முதலில் வீட்டிலுள்ள பெரியோரிடம் நான்கு செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்க: தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், சொந்த ஊரின் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பது. ஆண்டு நினைவில்லை எனின், வெள்ளத்திற்கு முன்னோ பின்னோ, சுதந்திரத்திற்கு முன்னோ பின்னோ என்று கேட்டால் பெரியோர் எளிதில் விடை சொல்வர். இந்நான்கும் கிடைத்தபின், குறிப்பிட்ட சபையின் குருவானவருக்குப் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்து எழுதுக. புத்தகம் முழுவதையும் தேடித்தரும்படி கேட்பதைவிட, ஐந்தாண்டுக் கால எல்லை ஒன்றைக் குறித்துக் கேட்பது இருவருக்கும் எளிது. சொந்த ஊர்ச் சபையிலும் தேடுதல் வேண்டும். மலையேறியவர் ஒரு சபையை விட்டு மற்றொரு சபைக்குச் செல்லும்பொழுது குருவானவரிடம் கடிதம் பெற்றுச் செல்லும் வழக்கம் உண்டு. ஆதலால் ஒரே பெயர் மலையிலும் சமவெளியிலும் ஆக இரண்டிடத்தில் பதிந்திருக்கலாம்.

கிறிஸ்தவரல்லாத குடும்பங்களுக்கும் இம்முறை பொருந்தும். அவர்களுக்குக் கோயில் புத்தகத்தின் இடத்தில் தோட்டத்துச் செக்ரோலும், பள்ளிக்கூடப் பதிவும், மருத்துவமனைப் பதிவும் நிற்கும். எந்தப் புத்தகமாயினும் கேட்போர் உள்ளவரை அதைக் காப்போரும் இருப்பர். கேட்போர் அற்றுப்போன புத்தகம் அலமாரியின் அடியில் கிடந்து மட்கும். ஆகவே, முதியோர் உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே மேற்கூறிய நான்கு செய்திகளையும் எழுதிக்கொண்டு, உரிய சபைக்கு ஒரு கடிதம் எழுதுவதை நேயர்கள் ஒத்திப்போடலாகாது.